செய்யுட் பேழை

ஒரு நாட்டார் எப்பொருளைப் பெரிதாக மதித்து வாழ்ந்தனர் என்பதை அறிய விரும்புவோர், அந்நாட்டில் நிகழ்ந்த போர்களையும் அரசுகளின் ஏற்றத் தாழ்வுகளையும் மட்டும் ஆராய்ந்தாற் போதாது. அந்நாட்டார் எதனை எதில் வைத்துக் காத்தனர் என்பதையும் ஆராய்தல் வேண்டும். நெல்லுக்குக் குதிர் உண்டு. நகைக்குப் பெட்டி உண்டு. பத்திரங்களுக்கு இரும்புப் பேழை உண்டு. இவை எல்லா நாட்டிலும் உள்ளவையே. ஆயின், நான்கு விரற்கடை அகலமுள்ள ஒரு காகிதத் துண்டில் எழுதிய ஒரு சிறு பாட்டுக்கென்று, பொன்துகள் தூவி, சிப்பி பதித்து, மாதக் கணக்காகவும் ஆண்டுக் கணக்காகவும் உழைத்துப் பேழை செய்து வைத்த மக்கள் உலகில் மிகச் சிலரே. அச்சிலருள் ஜப்பானியர் ஒருவர். அவர்களுடைய செய்யுட் பேழைகளின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் இக்கட்டுரையிற் சுருக்கமாக எடுத்துரைக்கக் கருதுகின்றோம். பேழையின் அழகைக் கூறுவது மட்டும் நம் நோக்கமன்று. அப்பேழை எவ்வாறு பேசிற்று, எப்பொழுது ஊமையாயிற்று என்பதைக் காட்டுவதே நம் நோக்கமாகும்.

முதற்கண், அப்பேழையுள் வைக்கப்பெற்ற பாட்டு எத்தகையது என்பதை அறிவோமாக. ஜப்பானியர் பழமையாகப் போற்றிவரும் பாவகைக்கு வகா என்பது பெயர். ஐந்து, ஏழு, ஐந்து, ஏழு, ஏழு என்று அசைகள் வர, மொத்தம் 31 அசைகளால் முடிவது அது. நம் குறள் வெண்பாவைப் போல அளவிற் சிறியது, பொருளிற் செறிவுடையது. பழைய அரண்மனை வாழ்க்கையில் இப்பாட்டு இன்றி யாதொரு காரியமும் நடைபெறவில்லை. காதலன் காதலிக்கு விடுக்கும் தூதும் பாட்டு. பிரிந்தோர் எழுதும் ஓலையும் பாட்டு. புத்தாண்டு வாழ்த்தும் பாட்டு. இறந்தோர்க்கு இரங்குதலும் பாட்டு. பாட்டுக்குப் பாட்டால் மறுமொழி கூற மாட்டாதவன் அவையில் நாணி நிற்க வேண்டியவனே.

இப்பாட்டை எழுதும் காகிதங்களும் பலவகைப்பட்டன. ஏறத்தாழச் சதுரமானது ஷிகிஷி எனப்படும். நீண்டு குறுகியது தன்சாக்கு எனப்படும். இஃது ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் நீளமும் 6 சென்டிமீட்டர் அகலமும் உடையது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவுக்கேற்ற பேழை உண்டு. ஷிகிஷி வைப்பது ஷிகிஷிபாகோ; தன்சாக்கு வைப்பது தன்சாக்குபாகோ. எழுதுதற்கு வேண்டிய மைக்கல், நீர்ச் சொட்டி, தூரிகை, மைக்கட்டி ஆகியவற்றை வைப்பது சுசுரிபாகோ, அதாவது மைக்கற் பேழை. இவற்றையன்றி, அரசர் ஆணையால் தொகுக்கப்பெற்ற செய்யுள் நூல்களை இழுப்பறைகளில் அடுக்கி வைக்கும் சிறு பேழைகளும் செய்யப்பட்டன. பாட்டுப் பிறக்கும் இடம் மைக்கற் பேழை. பாட்டு உறங்கும் இடம் தன்சாக்குப் பேழை. ஆதலின் இவ்வெல்லாவற்றையும் செய்யுட் பேழை என்னும் ஒரே பெயரால் நாம் இங்கு வழங்குகின்றோம்.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் தைகோ என்னும் பேரரசர். அவர் கி. பி. 897 முதல் 930 வரை ஆண்டவர். 905ஆம் ஆண்டில், பழம்பாடல்களையும் தம் காலத்துப் பாடல்களையும் தொகுக்குமாறு கி நோ சுராயுகி முதலிய புலவர் நால்வர்க்கு அவர் கட்டளை தந்தார். அக்கட்டளையின் பயனாக எழுந்த கொகின்ஷூ என்னும் தொகை 20 பகுதிகளும் ஏறத்தாழ 1,100 பாடல்களும் கொண்டது. அதுவரை சீன மொழிக் கவிதைக்கே அரசவையில் உயர்ந்த இருக்கை. தாய்மொழிப் பாட்டு இல்லத்தளவில் வழங்கிற்று. இத்தொகை தோன்றிய பின்னரே தாய்மொழிப் பாட்டு அரசு கட்டிலருகே அமர்ந்தது. அதன் பின் 1439 வரை, அதனோடு சேர்த்து 21 தொகைகள் அரசர் ஆணையால் தொகுக்கப்பெற்றன.

அதே தைகோ பேரரசர் காலத்தில், 919ஆம் ஆண்டில், வேறொரு பேழை செய்யப்பட்டது. கூகாய் என்னும் பௌத்தத் துறவி சீன தேசம் சென்று பெற்றுவந்த சமயச் சுவடிகளை வைத்தற்கென அரசர் ஆணையால் அமைந்தது அது. அதன் மூடியில், உள்ளிருப்பவை யாவை என்பது பொன்னெழுத்தாற் பொறிக்கப்பட்டுள்ளது. எழுத்தைச் சுற்றிலும் கலவிங்கம் என்று வடநூலார் கூறும் தெய்வப் பறவைகள் பொன்னாலும் வெள்ளியாலும் பறக்கின்றன. கியோட்டோ நகரத்து நின்னாஜி என்னும் கோயிலில் அப்பேழை இன்றும் உள்ளது. எழுத்தைத் தாங்கும் பெட்டி எழுத்துக்குத் தக்கதாக இருத்தல் வேண்டும் என்னும் கருத்து, ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்பே அந்நாட்டில் வேரூன்றியிருந்தமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ? அன்று மறைநூலுக்குச் செய்த சிறப்பைப் பிற்காலத்தார் பாட்டுக்கும் செய்தனர்.

உருஷி என்னும் மரப்பால்

இனி, இப்பேழை செய்யும் முறையைச் சிறிது கூறுவோம். இதனை அரக்கு வேலை என்று நம்மவர் வழங்குவர். ஆயினும் நம் நாட்டு அரக்கு வேறு, அவர்கள் அரக்கு வேறு. நாம் முத்திரையிடப் பயன்படுத்தும் அரக்கு, மரக்கிளையில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் வெளியிடும் பிசின். ஜப்பானியர் கையாள்வதோ உருஷி என்னும் மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கும் பால். பச்சைப் பால் உடம்பிற் பட்டால் தோல் கொப்புளித்துப் பெருந்துன்பம் தரும். காய்ந்து இறுகிய பின்னரோ, நீரும் புளிப்பும் வெப்பும் அதனை எளிதில் வெல்ல மாட்டா.

பத்து முதல் பதினைந்து ஆண்டு வளர்ந்த மரத்தில் ஜூன் முதல் அக்டோபர் வரை சில நாட்களுக்கொருமுறை கீறிப் பால் எடுப்பர். ஒரு பருவம் முழுதும் உழைத்தும் ஒரு மரத்திலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 200 கிராமே. ஒரு சிறு குவளை நிறையும் அளவு அது. அப்பருவம் முடிந்ததும் மரத்தை வெட்டிவிடுவர். பின்பு அதன் வேரிலிருந்து புதுத் துளிர் எழும். ஆகவே நாம் காணும் ஒவ்வொரு பேழையின் பளபளப்பும் ஒரு மரத்தின் வாழ்நாள் என்று சொன்னாலும் மிகையாகாது.

மரப் பலகையாற் பெட்டி செய்து, அதன்மேற் சணல் நார்த் துணியை ஒட்டி, மண்தூள் கலந்த பாலைப் பூசி, உலர்த்தி, தேய்த்து, மீண்டும் பூசுவர். இவ்வாறு பல்கால் செய்தல் வேண்டும். இதில் ஒரு வியப்பு உண்டு. மற்றைப் பூச்சுகள் வெயிலிலும் காற்றிலும் உலரும்; உருஷியோ ஈரப்பதம் மிக்க அறையில் வைத்தாலன்றி இறுகாது. அப்பாலில் உள்ள ஒரு நொதிப்பொருள், ஈரத்தின் துணைகொண்டு காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்றுப் பாலைக் கெட்டியாக்குகின்றது என்பதே காரணம். இந்நொதியின் செயலை 1883இல் ஆய்ந்து வெளியிட்டவர் யோஷிதா என்னும் ஜப்பானிய இரசாயன அறிஞர்.

மேற்பூச்சு அமைந்த பின் நடைபெறும் பொன்வேலைக்கு மகியே என்பது பெயர். தூவிய ஓவியம் என்பது அதன் பொருள். உருஷிப் பாலாலேயே நுண்ணிய தூரிகை கொண்டு கோடு வரைந்து, அஃது ஈரமாக இருக்கும்பொழுதே, சிறு குழலிலிருந்து பொன்துகளையோ வெள்ளித்துகளையோ விரலால் தட்டித் தட்டித் தூவுவர். கோடு உள்ள இடத்திற் பொன் ஒட்டிக்கொள்ளும். பின்பு அதன்மேல் மீண்டும் பால் பூசி, கரித்துண்டால் தேய்த்து மெருகிட்டால், இருளிலிருந்து நிலவு எழுவதுபோல் ஓவியம் மேலெழும். கை நடுங்கினாற் கோடு கெடும்; பொறுமை இழந்தாற் பூச்சு கெடும். தந்தையிடம் மகனும், மகனிடம் பேரனும் பயின்றாலன்றி வாராத தொழில் இது.

மறைந்து நின்ற எழுத்து

இப்பேழைகளின் தனிச்சிறப்பு பொன்னில் இல்லை என்பதை இனிக் கூறுவோம். பேழையின் மேற்புறத்தில் மலையும் மரமும் பறவையும் தீட்டப்பெற்றிருக்கும். உற்று நோக்கினால் பாறையின் மடிப்பிலும் மரக்கிளையின் வளைவிலும் புல்லின் நுனியிலும் சில எழுத்துகள் ஒளிந்திருக்கக் காணலாம். நாணற் புதர்போலத் தோன்றும் எழுத்து ஆதலின் இதனை அஷிதே, அதாவது நாணல் எழுத்து, என்பர். அவ்வெழுத்துகள் ஒரு பாட்டின் சில சொற்களே. முழுப்பாட்டும் அங்கே இராது.

பதினைந்தாம் நூற்றாண்டில் செய்யப்பெற்ற ஒரு மைக்கற் பேழை தோக்கியோவில் நெசு என்னும் காட்சிச்சாலையில் உள்ளது. 1449 முதல் 1473 வரை படைத்தலைவராய் நாடாண்ட அஷிகாகா யோஷிமாசாவினுடைய உடைமையாக அது வழங்கிவருகின்றது. இலையுதிர்காலத்துப் பூம்புற்களும் மான்களும் அதில் உள. மானின் குரல் கேட்டு மலைவாழ்வான் ஒருவன் துயில் கலைந்து தனிமையை எண்ணுவதாகக் கொகின்ஷூவில் ஒரு பாட்டு உண்டு. அப்பாட்டின் சில எழுத்துகளே பேழையிற் சிதறிக் கிடக்கின்றன. அக்காலத்ததே வேறொரு பேழை கியோட்டோ தேசியக் காட்சிச்சாலையில் உள்ளது. கடற்கரைப் பறவைகளின் குரலை நீடூழி வாழ்த்தாகக் கொண்ட பாட்டு அதற்கு உயிர். அதிற் பறவை என்னும் சொல் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய இடத்திற் பறவைகளே பறக்கின்றன!

இதன் கருத்து யாது? பேழையைக் கையில் எடுத்தவர் அப்பாட்டை முன்னரே நெஞ்சிற் கொண்டிருந்தார் என்பதே. இரண்டு எழுத்தைக் கண்டவுடன் முப்பத்தோர் அசையும் அவர் நாவில் வந்து நிற்கும். தொழிலாளன் பாதியைத் தருவான். உடையவர் மீதியைத் தருவார். இருவரும் கூடினாலன்றிப் பாட்டு முற்றுப்பெறாது.

இம்முறையை ஒரு படி மேலே கொண்டு சென்றவர் ஹொனாமி கோயெட்சு என்பார். 1558இல் பிறந்து 1637இல் மறைந்த இவர், வாளின் தரம் தேர்ந்து மெருகிடும் குடும்பத்தில் தோன்றியவர். கையெழுத்துக் கலையிற் பெரும்புகழ் பெற்றவர். இவர் செய்வித்த ஃபுனபாஷி என்னும் மைக்கற் பேழை தோக்கியோ தேசியக் காட்சிச்சாலையில் தேசியச் செல்வமாகக் காக்கப்படுகின்றது. ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் நீளமும் 23 சென்டிமீட்டர் அகலமும் உள்ள அதன் மூடி, தட்டையாக இராமல் குன்றுபோல் உயர்ந்து நிற்கின்றது. பொன்மயமான அம்மூடியில் வரிசையாகக் கட்டிய படகுகள் தீட்டப்பெற்றுள்ளன. அவற்றின் குறுக்கே பெரியதோர் ஈயத் தகடு கருமையாக வளைந்து கிடக்கின்றது. அதன்மேலும் அருகிலும் வெள்ளியால் அமைந்த எழுத்துகள் உள. மினாமோட்டோ நோ ஹிட்டோஷி என்னும் பழம்புலவர் பாடிய பாட்டின் எழுத்துகள் அவை. சானோ என்னும் ஊரில் இருந்த படகுப் பாலத்தை உவமையாக்கித் தம் சொல்லாக் காதலை அவர் பாடினார். அப்பாட்டில் ஃபுனபாஷி, அதாவது படகுப் பாலம், என்னும் சொல் உண்டு. பேழையிலோ அச்சொல் ஒன்று மட்டும் இல்லை. அந்த ஈயத் தகடே பாலம், அதுவே சொல். படிப்பவர் அவ்விடம் வந்தவுடன் கண்ணாற் காண்பதை வாயாற் சொல்ல வேண்டும்.

பொன்னின் நடுவே ஈயத்தை இட்ட துணிவை நம் அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். விலையையே பெருமையாகக் கருதியிருப்பின், பாலத்தையும் பொன்னாலன்றோ செய்திருப்பார்? மழையில் நனைந்து பழுத்த மரப்பாலத்தின் நிறம் ஈயத்துக்கே உண்டு. பாட்டுக்கு எது பொருந்துமோ அதையே அவர் தேர்ந்தார்.

அவருக்குப் பின் வந்த ஒகாட்டா கோரின் இன்னும் ஒரு படி ஏறினார். 1658இல் பிறந்து 1716இல் மறைந்த இவ்வோவியர் செய்த பேழை இரண்டு அடுக்குடையது. மேலடுக்கில் மைக்கல், கீழடுக்கில் காகிதம். கரிய பரப்பிற் சிப்பியாற் செய்த நீர்ப்பூக்கள் மலர்ந்திருக்க, ஈயத்தாலான பலகைப் பாலம் ஒன்று பேழையின் மூடியிலும் பக்கங்களிலும் வளைந்து செல்கின்றது. அதன் மேற்புறத்தில் எழுத்து ஒன்றேனும் இல்லை! ஆயினும் கற்ற ஜப்பானியர் அதனைக் கண்டதும் இசே என்னும் பழங்கதை நூலை நினைப்பர். தலைநகரை விட்டு நீங்கிய ஒருவன், எட்டுப் பாலம் என்னும் இடத்தில் அப்பூவைக் கண்டு, வீட்டிலிருக்கும் மனைவியை எண்ணிப் பாடினான் என்பது அந்நூலிற் காணும் செய்தி. பூவின் பெயர் காகிட்சுபாத்தா. அப்பெயரின் ஐந்து அசைகளும் பாட்டின் ஐந்து அடிகட்கும் முறையே முதலெழுத்தாய் நிற்கும். நம் சித்திரகவிகளைப் பயின்றோர்க்கு இதன் அருமை தெற்றென விளங்கும். பூவைக் கண்டவர் பெயரைச் சொல்வார். பெயரைச் சொன்னவர் ஐந்து முதலெழுத்தையும் பெறுவார். அவற்றைப் பற்றிக்கொண்டு பாட்டு முழுதையும் சொல்லி முடிப்பார்.

பதினைந்தாம் நூற்றாண்டிற் சில எழுத்துகள் இருந்தன. கோயெட்சு ஒரு சொல்லை நீக்கினார். கோரின் எல்லாச் சொல்லையும் நீக்கினார். எழுத்துக் குறையக் குறையப் படிப்பவர்மேல் வைத்த நம்பிக்கை வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை.

மகட்கு அளித்த சீர்

பெரிய குடும்பங்களிற் பெண்ணுக்குச் சீர் கொடுக்குங்கால் இப்பேழைகளும் உடன் சென்றன. அவற்றுள் தலைசிறந்தது ஹட்சுனே என்னும் சீர்வரிசை. ஜப்பானை ஆண்ட தொக்குகாவா இயெமிட்சுவின் மூத்த மகள் சியோஹிமே 1637இல் பிறந்தாள். 1639இல், இரண்டரை வயதுக் குழந்தையாக இருந்தபொழுதே, ஓவாரி நாட்டுத் தலைவர் குடும்பத்து மிட்சுதோமோவுக்கு அவளை மணம் முடித்தனர். அதற்கெனக் கோவாமி நாகஷிகே என்னும் தொழில்வல்லார் தலைமையில் அலமாரிகளும் கண்ணாடித் தாங்கியும் மைக்கற் பேழையும் பிறவும் செய்யப்பெற்றன. காலை தொடங்கிப் பொழுது சாயும் வரை பார்த்தாலும் தெவிட்டாது என்னும் கருத்தால், அதற்கு நாள் முழுதும் பார்க்கும் சீர் என்று ஒரு பெயர் ஏற்பட்டது. நகோயா நகரத்துத் தொக்குகாவா காட்சிச்சாலையில் அவற்றை இன்றும் காணலாம்.

அவற்றில் மறைந்து நிற்கும் பாட்டு எது என்பதே நாம் இங்கு நோக்கற்பாலது. முராசகி ஷிகிபு என்னும் பெண்பாற் புலவர் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய கெஞ்ஜி கதை 54 பகுதிகளும் அவற்றினிடையே ஏறத்தாழ 800 பாடல்களும் உடையது. அதன் 23ஆம் பகுதியின் பெயர் ஹட்சுனே. புத்தாண்டில் கூவும் பறவையின் முதற்குரல் என்பது பொருள். உயர்ந்த வாழ்வு பெறுக என்று தன் சிறு மகளை வேறொரு பெருமாட்டியின் வளர்ப்பில் விட்ட தாய் ஒருத்தி, மகளின் குரலையும் கேளாமல் ஆண்டுகளைக் கழிக்கின்றாள். புத்தாண்டு நாளில் அவள் மகளுக்கு ஒரு பாட்டு எழுதி விடுக்கின்றாள். அப்பாட்டின் எழுத்துகளே சியோஹிமேயின் சீரில் பைனும் பூமரமும் சூழப் பரந்து கிடக்கின்றன.

மகளைப் பிரிந்த தாயின் பாட்டைத் தாயைப் பிரியப் போகும் மகளின் சீரில் பொறித்த கருத்தை என்னென்பது! புத்தாண்டு மங்கலம் கருதியே அதனைத் தேர்ந்தனர் என்பது உண்மையே. ஆயினும் பெற்ற மனம் அதனுள் மற்றொன்றையும் படித்திருக்கும். சியோஹிமேயின் தாய் மறு ஆண்டே, 1640இல், இறந்தார். குழந்தை அன்று அந்த எழுத்துகளை அறியாள். வளர்ந்து கெஞ்ஜி கதையைக் கற்ற நாளில், தன் கண்ணாடிப் பெட்டியில் நாள்தோறும் கண்ட கோடுகள் ஒரு தாயின் சொற்கள் என்று உணர்ந்திருப்பாளன்றோ? கல்வி வருமளவும் காத்திருந்து பேசும் சீர் அது. பொன்னும் பட்டும் அத்தகைய சீரல்ல.

ஊமையான பேழைகள்

பாட்டை அறியாதார் கையிற் பேழை சென்றால் நேர்வது யாது? இதற்கும் வரலாறு விடை தருகின்றது. இலண்டன் மாநகரில் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையில் ஓர் அரக்குப் பேழை உள்ளது. அது ஹட்சுனே சீர் செய்யப்பெற்ற காலத்ததே. கெஞ்ஜி கதைக் காட்சிகள் தீட்டப்பெற்றது. அதன் மூடியின் உட்புறத்தில் மரியா வான் டீமென் என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. 1636 முதல் 1645 வரை பத்தேவியாவிலிருந்து டச்சுக் கம்பெனியின் ஆட்சியை நடத்திய அந்தோனியோ வான் டீமென் என்பாரின் மனைவி அவர். அக்கம்பெனியே நம் சோழமண்டலக் கரையிற் பழவேற்காட்டில் கோட்டை கொண்டு வாணிகம் செய்தது என்பதை நம்மவர் அறிவர். அந்தப் பேழை பின்னர்ப் பிரான்சு தேசத்துப் பாம்படூர் சீமாட்டியிடமும், அதன் பின் ஆங்கிலச் செல்வர் வில்லியம் பெக்போர்டிடமும் சென்றது. பிரான்சு அரசி மரி அந்துவானெத்துக்கு அவர் தாய் மரியா தெரேசா 1780இல் இறக்கும்பொழுது 50 ஜப்பானிய அரக்குப் பேழைகளை விட்டுச் சென்றார்.

இவர்கள் எல்லாரும் அப்பேழைகளை உயிர்போற் காத்தனர், அதில் ஐயமில்லை. ஆயின் அவர்கள் கண்டது பொன், கேட்டது ஒன்றுமில்லை. மான் மானாகவும், பாலம் பாலமாகவுமே நின்றன. பேழை கெடவில்லை, பாட்டே கெட்டது. சீன தேசத்தில் செய்த செதுக்கு அரக்குத் திரைகள் நம் கரைத் துறைமுகங்களின் வழியாக மேனாடு சென்றமையால் அவற்றுக்குச் சோழமண்டலத் திரை என்னும் பெயரே மேனாட்டில் நிலைத்தது. செய்த நாட்டின் பெயரே மறைந்துபோகுமாயின், உள்ளிருந்த பாட்டின் பெயர் எங்ஙனம் நிற்கும்?

ஜப்பானிலேயும் ஒரு சோதனைக் காலம் வந்தது. 1868இல் பழைய ஆட்சி வீழ்ந்ததும், பேழை செய்விக்கும் தலைவர் குடும்பங்கள் வறுமையுற்றன. பதினைந்தாம் நூற்றாண்டு முதல் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலை நடத்திவந்த கோவாமி குடும்பத்தின் தொடர்ச்சியும் அக்காலத்தோடு முடிவுற்றது. பொருள்கள் மேனாட்டு வணிகர்க்கு விற்கப்பட்டன. 1873இல் வியன்னா நகரத்துப் பொருட்காட்சிக்குச் சென்ற அரக்குப் பேழைகள் பல, மறு ஆண்டு திரும்பி வருங்கால், இசு தீபகற்பத்தின் அருகே கப்பலோடு கடலில் மூழ்கின. ஓராண்டுக்கு மேற்பட்ட பின் அவற்றுட் சிலவற்றை வெளியே எடுத்தபொழுது, கடல்நீராலும் அவற்றின் மெருகு குலையவில்லை என்று கண்டனர். உருஷியைக் கடலும் அழிக்கவில்லை. மறதி அழித்துவிடும்.

நல்வினையாக அம்மறதி அங்கே முற்றிலும் நேரவில்லை. காரணம் காட்சிச்சாலை மட்டுமன்று. அரண்மனையில் புத்தாண்டு தோறும் நடைபெறும் பாட்டரங்குக்குப் பொதுமக்களும் தம் பாடல்களை விடுக்கலாம் என்று 1874இல் இசைவு அளித்தனர். 1879 முதல் அவற்றுட் சிறந்தவை அவையில் ஓதப்பெற்றன. இன்றும் ஜனவரி மாதத்தில் அவ்வரங்கு நடைபெறுகின்றது. மேலும், பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ தெய்கா என்பார் தொகுத்த நூறு புலவர் நூறு பாட்டு என்னும் தொகையைக் கொண்டு ஆடும் சீட்டு விளையாட்டு அங்கே இல்லந்தோறும் பள்ளிதோறும் வழங்குகின்றது. ஒருவர் பாட்டை முதலடியிலிருந்து ஓதுவார். பரப்பி வைத்த சீட்டுகளிற் கடைசி இரண்டடி மட்டுமே இருக்கும். முதலசை காதில் விழுந்தவுடன் கடையடியைக் கண்டு கைவைப்பவரே வெல்வார். பாதியைக் கொடுத்தால் மீதியை நெஞ்சு தருதல் வேண்டும் என்னும் பேழையின் நெறியே இங்குச் சிறுவர் விளையாட்டாயிற்று. பொற்பேழை பெறாத ஏழை வீட்டிலும் பாட்டு இவ்வாறு குடிபுகுந்தது.

தொழிலுக்கோ இன்னும் இடர் நீங்கவில்லை. அந்நாட்டிற் பயன்படும் உருஷியிற் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வருவது. அதனால், பழம்பெருமை வாய்ந்த கட்டடங்களைப் பழுதுபார்க்குங்கால் உள்நாட்டு உருஷியையே கொள்ளவேண்டும் என்று 2015இல் அரசினர் நெறி வகுத்தனர். 2024 ஜனவரி முதல் நாள், அரக்குத் தொழிலுக்குப் பேர்போன வாஜிமா நகரம் நிலநடுக்கத்தாலும் தீயாலும் பெருஞ்சேதமுற்றது. பல தொழிற்கூடங்கள் அழிந்தன. கருவிகளை இடிபாட்டிலிருந்து பொறுக்கி எடுத்து மீண்டும் தொழில் தொடங்கியோர் அங்கே உளர்.

இத்தனையும் படித்த சிலர், செல்வர்கள் தம் பெருமைக்காகச் செய்துகொண்ட பெட்டிகளைப் போற்றுவதிற் பயன் யாது என்று வினவக்கூடும். அவ்வினாவில் ஓரளவு நியாயம் உண்டு. பொன்துகள் தூவியவன் வீட்டிற் பொன் இருந்திராது. மரத்தைக் கீறியவன் கையிற் கொப்புளமே இருந்திருக்கும். செல்வச் செருக்கும் அப்பேழைகளோடு கலந்தே வந்தது. ஆயினும் ஒன்று நோக்குக. செல்வர் எதனையும் பெட்டியிலிட்டுப் பூட்டலாம். பாட்டறிவைப் பெட்டியிலிட்டுப் பூட்ட இயலாது. கோரினுடைய பேழையை விலைகொடுத்து வாங்கியவன், பாட்டறியாதவனாயின், பாதிப் பேழைக்கே உடையவன். பாட்டறிந்த ஏவலாள் ஒருத்தி அதனைத் துடைக்குங்கால் முழுப் பேழைக்கும் உடையவளாவாள்.

நம் இல்லங்களில் உருஷி இல்லை; பொன்தூவிய பேழையும் இல்லை. ஆயின், பெட்டியில் வைத்த பொருளுக்கு நெஞ்சில் இடமில்லையேல் அஃது இழந்த பொருளே என்னும் உண்மை எந்நாட்டார்க்கும் பொது. பாட்டன்மார் வைத்துச் சென்ற நூல்களுக்கு மஞ்சள் துணி சுற்றிப் பூச்சி அண்டாமற் காக்கும் அன்பர்களை நாம் பாராட்டுகின்றோம். அவர்கள் அத்துணியை அவிழ்த்துக் குழந்தைகளை அருகில் அமர்த்தி நாளுக்கு ஒரு பாட்டு நாவிற் பதியச் செய்வாராயின், அப்பாராட்டு இருமடங்காகும். ஒரு சொல்லை நாம் விட்டுச் சொன்னால், அதனை நிரப்பிச் சொல்லும் ஒரு சிறுமி வீட்டில் இருத்தல் வேண்டும். அவளே அவ்வீட்டின் செய்யுட் பேழை என்க.